சரித்திர நாவல் வந்தால் சண்டை ஏன் வருகிறது? ஆவணத்துக்கும் புனைவுக்கும் நடுவில் வாசகர்

உண்மையில் வாழ்ந்தவர்களை வைத்து எழுதிய நாவல் ஒன்று விருது வாங்கினாலோ படமாக வந்தாலோ போதும், இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கும். "இதெல்லாம் நடக்கவே இல்லை" என்பது ஒன்று. "நாவல்தானே, இதற்குப் போய் ஏன் கோபம்?" என்பது இன்னொன்று. மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், தீராது. முதலாமவர் ஆவணத்தைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாமவர் வடிவத்தைப் பற்றிப் பேசுகிறார். பேசும் பொருளே வேறு என்பதால் பதில்கள் சந்திப்பதில்லை.

இந்த எதிர்வினைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நாவல் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பதைவிட, அந்த நிகழ்ச்சியைப் பற்றி எவ்வளவு பதிவு மிஞ்சியிருக்கிறது, அதை எழுதி வைத்தது யார் என்ற இரண்டு விஷயங்கள்தான் வாசகர் எப்படிக் கோபப்படுவார், எப்படி நம்புவார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. தமிழிலேயே இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

முதலில் மூன்று அடுக்குகள்

உண்மை வாழ்க்கையை எடுத்துக்கொள்ளும் எந்த நாவலிலும் மூன்று வகைச் சரக்கு கலந்திருக்கும்.

1. பதிவானது. கல்வெட்டு, செப்பேடு, நீதிமன்றத் தீர்ப்பு, கடிதம், செய்தித்தாள், நேரில் பார்த்தவரின் வாக்குமூலம். இவற்றுக்குள்ளும் முரண் இருக்கலாம். ஆனால் எடுத்துக் காட்ட ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

2. ஊகம். பதிவானதை வைத்து நியாயமாக எட்டக்கூடிய முடிவு. இவர் அங்கே இருந்திருக்க வேண்டும், இதனால்தான் அந்த முடிவை எடுத்திருப்பார் என்பது போல.

3. கற்பனை. எந்தப் பதிவும் இல்லாத இடத்தில் ஆசிரியர் தானே கொண்டுவந்து வைப்பது. ஒரு காதல், ஒரு உரையாடல், சில சமயம் ஒரு முழு மனிதர்.

வரலாற்று நூலிலும் இரண்டாவது அடுக்கு உண்டு. ஆனால் அங்கே "இருக்கலாம்", "என்று தோன்றுகிறது", "சிலர் கருதுவர்" என்று வேலி போட்டிருப்பார்கள். நாவலாசிரியரால் அது முடியாது. "அவள் அன்றிரவு அழுதிருக்கலாம்" என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். "அழுதாள்" என்றுதான் எழுதியாக வேண்டும். அந்த ஒரு வினைமுற்றில் மூன்று அடுக்குகளுக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துபோகிறது. வாசகர் குழம்புவதற்கு அவர் அசட்டையாகப் படிப்பது காரணமல்ல. அந்த வடிவம் வேலை செய்யும் விதமே அதுதான்.

பதிவு மெலிந்த இடம்: ஆதித்த கரிகாலன் கொலை

1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையைவிடப் பெரிய உதாரணம் தமிழில் இல்லை. அதன் மையத்தில் இருப்பது சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை. அந்தக் கொலை பற்றி நம் கையில் உண்மையில் என்ன இருக்கிறது?

முக்கியமான சான்று காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 987 வாக்கில். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பிய அரசாணை அதில் வருகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சொல்லி, சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைச் சகோதரர்களாகக் குறிப்பிடுகிறது. அவர்களோடு அவர்களைச் சார்ந்த உறவினரின் உடைமைகளையும் பற்றி ஆணை பேசுகிறது.

அவ்வளவுதான். கொலை எங்கே நடந்தது? சொல்லவில்லை. எப்படி? சொல்லவில்லை. ஏன் என்பது பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. பிரமாதிராஜன் என்பது அரசில் உயர் பொறுப்பில் இருந்த பிராமணர்களுக்குத் தரப்பட்ட பட்டம் என்பதால், கொலையாளிகள் சாதாரண ஆட்கள் இல்லை என்று மட்டும் புரிகிறது.

கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உத்தம சோழன் ஆண்டிருக்கிறார். அத்தனை காலம் குற்றவாளிகள் மீது நடவடிக்கை ஏன் இல்லை என்று கேட்டு, உத்தம சோழன்மீதே சந்தேகப்பட்டவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடோ, மக்கள் வேண்டியும் அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்) அரியணையைத் தன் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுத்ததாகப் புகழ்கிறது. நடவடிக்கை முன்பே தொடங்கியிருக்க வேண்டும், கல்வெட்டைத் தவறாகப் படித்துவிட்டோம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. விவாதம் இன்னும் மூடப்படவில்லை.

இந்த இடைவெளிக்குள் கல்கி என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். உத்தம சோழன்மீது விழுந்த சந்தேகத்தை அவர் விரும்பவில்லை போலும். அதனால் மதுராந்தகன் (உத்தம சோழனின் இன்னொரு பெயர்) என்ற ஒருவரை இரண்டு பேராகப் பிரித்தார். அரியணைக்கு ஆசைப்படுகிறவன் ஒருவன், உண்மையான உரிமை உள்ள சாதுவான சேந்தன் அமுதன் இன்னொருவன். வரலாற்றின் சிக்கலைக் கதை நுட்பத்தால் அவிழ்த்த இடம் இது. ரவிதாசன் கல்வெட்டிலிருந்து வந்த பெயர், அவனுடைய பாண்டிய விசுவாசமும் மந்திரவாதி வேஷமும் கல்கி கொடுத்தவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வரும் வல்லவரையர் வந்தியதேவரை ஐந்து பாகங்களுக்குக் கதாநாயகன் ஆக்கினார். நந்தினி முழுக்கக் கற்பனை.

வாசகர்கள் என்ன செய்தார்கள்? மொத்தத்தையும் வரலாறாக வாங்கிக்கொண்டார்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்டு, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கல்கி தனி முடிவுரையே எழுத வேண்டிவந்தது. இன்றைக்கும் சோழ நாட்டுக் கோயில்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் கணிசமானோர் கையில் இருப்பது அந்த நாவல்தான்.

இதன் உச்சம் 2023 ஏப்ரலில் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது தெரிந்தது. படத்தில் சேந்தன் அமுதன் ஆள்மாறாட்டம் இல்லை. மதுராந்தகனே உத்தம சோழனாக முடிசூட்டிக்கொள்கிறார். "வரலாற்றை மாற்றிவிட்டார்கள்" என்று பலர் கொதித்தார்கள். அவர்கள் வரலாறு என்று சொன்னது கல்கியை. இந்த ஒரு விஷயத்தில் படம் நாவலை விட்டு விலகியதால்தான் கல்வெட்டுக்கு அருகில் வந்தது என்பது வேடிக்கை.

ஆக, பதிவு மெலிந்து, சம்பந்தப்பட்டவர்களின் நேரடி வாரிசு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாத இடத்தில், நாவலே ஆவணத்தின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. அங்கே வரும் கோபம் நாவலுக்காக வருவதே தவிர, நாவல்மீது வருவதில்லை.

பதிவு தடித்த இடம்: கீழ்வெண்மணி

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில் நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமம். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் நின்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். தாக்குதலுக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970-ல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பில் வந்த வாசகம் இன்றுவரை மேற்கோளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 1980-ல் நாயுடு கொல்லப்பட்டார்.

இங்கே ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. தேதி, எண்ணிக்கை, இறந்தவர்களின் பெயர், கோரிக்கை, தீர்ப்பு எல்லாம் இருக்கின்றன. உயிர் தப்பியவர்களும் இருந்தார்கள். நிகழ்ச்சி நடந்து ஏழாண்டுகளுக்குள், 1975-ல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நூலாக வந்துவிட்டது. 1977-ல் சாகித்ய அகாதெமி விருது. 1983-ல் அதை வைத்து 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படம்.

நாவலில் எது எதைக் குறிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நிலக்கிழார் கண்ணையா நாயுடு என்ற பாத்திரம். டெல்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கும் கோபாலும், அவனைத் தேடி வரும் நண்பன் சிவாவும் நம் கண்கள். சர்ச்சை கிளப்பியது ஒரே ஒரு முடிவு. கண்ணையா நாயுடுவை ஆண்மைக் குறைபாடு உள்ளவராகக் காட்டி, அந்த உளச் சிக்கலிலிருந்து அவருடைய கொடூரத்துக்கு ஒரு வேர் பிடித்தார் ஆசிரியர்.

இடதுசாரி வாசகர்களும் விமர்சகர்களும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய வாதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். "அவருக்கு அந்தக் குறைபாடு இருந்ததற்கு ஆதாரம் என்ன?" என்பது அவர்கள் கேள்வி இல்லை. கூலி, நிலம், சாதி என்ற மூன்றும் சேர்ந்து நடத்திய ஒரு கொலையை ஒருவருடைய படுக்கையறைச் சங்கடமாகச் சுருக்கினால் மற்ற மிராசுதார்கள் எல்லாரும் தப்பித்துவிடுகிறார்களே என்பதுதான். சங்கம் வைத்துச் செயல்பட்ட ஒரு கூட்டத்தின் செயலுக்குத் தனி மனிதனின் மனநோயைக் காரணம் காட்ட முடியுமா? இது முதல் அடுக்கில் நடக்கும் சண்டையே இல்லை. மூன்றாம் அடுக்கில் வைத்த ஒரு கற்பனை, முதல் அடுக்கின் பொருளையே மாற்றிவிடுகிறது என்ற புகார்.

நாவலுக்காகப் பேசியவர்கள், தனி மனிதனின் உள்ளே நுழையாமல் நாவல் எழுத முடியாது, அறிக்கை வேண்டுமென்றால் அறிக்கை படியுங்கள் என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. என்றாலும் என் கணக்கில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் தட்டு இறங்குகிறது. கற்பனைக்குப் பயன்படுத்திய இடம் காலியாக இருக்கவில்லை. "ஏன் கொளுத்தினார்கள்" என்ற கேள்விக்கு அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார்கள். உடையார்குடி கல்வெட்டு மௌனமாக இருந்த இடத்தில் கல்கி பேசினார். இங்கே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசியது போல ஆயிற்று.

அதனால்தான் கீழ்வெண்மணி ஒரு நாவலோடு நிற்கவில்லை. சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' எழுதினார், பாட்டாளி 'கீழைத்தீ' எழுதினார், 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படம் வந்தது. ஒவ்வொன்றையும் முந்தையதற்குச் சொன்ன பதிலாகவும் படிக்கலாம்.

பதிவே செய்யாமல் விட்டவர்கள்

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. நிகழ்ச்சி பழையதல்ல, ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. பதிவேடு வைத்தவர் முதலாளி, அவர் எண்ணியது மூட்டைகளை.

சயாம் மரண ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942–43-ல் போட்ட 415 கிலோமீட்டர் தடம். அங்கே இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்கு நாட்குறிப்பு உண்டு, ஓவியங்கள் உண்டு, காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்பது தெரியும். எண்ணிக்கை மட்டும் மதிப்பீடாகவே நிற்கிறது. மலேசியாவில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்ற நாவல்களை வாசகர்கள் இலக்கியமாகப் படிப்பதற்கு முன்னால் சாட்சியமாகப் படிக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். நடை எப்படி, பாத்திர வார்ப்பு எப்படி என்ற கேள்வியெல்லாம் அப்புறம்.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களின் கதையும் இப்படித்தான். தோட்ட மருத்துவராக அங்கே பணியாற்றிய பி.எச். டேனியல், 1920-களின் கொத்தடிமை வாழ்க்கையை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969-ல் வெளியானது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தில் வாடும் கருப்பனும் வள்ளியும் முன்பணம் வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அதற்கப்புறம் கடன் அடைவதே இல்லை. மேஸ்திரியின் கணக்கு, மலேரியா, அடி, வெள்ளைக்காரத் துரையின் பங்களா.

2013-ல் இந்நாவலைத் தழுவி 'பரதேசி' வந்தபோது எழுந்த கோபத்துக்கு மையம் மருத்துவர் பாத்திரம். நாவலில் ஆபிரகாம் என்ற டாக்டர் தொழிலாளர்களுக்காக நிர்வாகத்தோடு முட்டுகிறவர். படத்தில் அவருடைய இடத்தில் வரும் டாக்டர் வைத்தியத்தோடு மதமாற்றமும் செய்கிறார், ஆட்டம் பாட்டத்தோடு. நாவலைப் படித்தவர்கள் இதை வெறும் திரைக்கதை மாற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. டேனியல் அந்தத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். பாத்திரத்தின் பின்னால் அவரே நிற்கிறார் என்று வாசகர்கள் கருதியதால், அடி எழுதியவர்மீதே விழுந்ததாகப் பட்டது. எழுதி வைத்த ஒரே ஆளையும் கேலிப் பொருளாக்கினால் மிச்சம் என்ன என்ற கேள்வி எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

கோபம் நீதிமன்றம் போனால்

"இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே" என்ற வரி நமக்குப் பழகிப்போய்விட்டது. ரஸ்புதினைப் பற்றி ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம் 1932-ல் எடுத்த படத்தில் தன்னை இழிவாகக் காட்டியதாக ரஷ்ய இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டு 25,000 பவுன் வாங்கினார். 1934-ல் நடந்த அந்த வழக்குக்குப் பிறகுதான் இந்த வரி ஊர் ஊராகப் பரவியது. ஆனால் ஆளை அடையாளம் காண முடிகிறது என்றால் இந்த ஒரு வரி மட்டும் யாரையும் காப்பாற்றாது.

இந்தியாவில் நிலைமை சுருக்கமாக:

1. இறந்தவர் பற்றி எழுதினாலும் குற்றவியல் அவதூறு வரலாம். அவர் உயிரோடு இருந்தால் பெயர் கெடும் என்பதோடு, குடும்பத்தாரையோ நெருங்கிய உறவினரையோ புண்படுத்தும் நோக்கமும் இருக்க வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 499-வது பிரிவின் முதல் விளக்கம் இது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவாகத் தொடர்கிறது.

2. பொதுப் பதிவில், அதாவது நீதிமன்ற ஆவணம் போன்றவற்றில், இருப்பதை யாருடைய அனுமதியும் இல்லாமல் வெளியிடலாம். 'ஆட்டோ' சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவைத் தாண்டித் தனி வாழ்க்கைக்குள் போனால் விளைவுக்கு எழுதியவரே பொறுப்பு.

3. அந்தரங்க உரிமை வாரிசுக்குச் சொத்து போல இறங்குவதில்லை. ஜெயலலிதா வாழ்க்கையைத் தழுவிய படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது.

கவனித்தால், சட்டமும் நாம் பார்த்த அதே கோட்டைத்தான் தேடுகிறது. எது பதிவு, எது அதைத் தாண்டியது?

ஒரு தனி மனிதர் இல்லாமல் ஊரே புண்பட்டதாகச் சொல்லும்போது சட்டத்துக்குப் பிடி குறைவு. குழந்தையில்லாத பெண்கள் திருச்செங்கோட்டுத் திருவிழா இரவில் வேற்று ஆணோடு கூடிக் குழந்தை பெறும் வழக்கம் இருந்ததாகச் சித்திரித்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010-ல் வெளியானது, நான்காண்டு பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நூலை எரித்தார்கள், அடுத்து கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடத்தி, ஆசிரியரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதன் பிறகு.

2016 ஜூலை 5 அன்று வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, பிடிக்காத நூலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று வாசகருக்குச் சொன்னது. எழுதுங்கள் என்று ஆசிரியருக்குச் சொன்னது. அன்று எழுதி வாங்கிய அந்தக் காகிதம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. இதுபோன்ற தகராறுகளைக் காவல்துறையும் வருவாய்த்துறையும் உட்கார்ந்து தீர்ப்பதற்குப் பதிலாக, இலக்கியமும் கலையும் தெரிந்தவர்களைக் கொண்ட நிபுணர் குழுவிடம் விட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.